100 கிராம் ரேஸ் பைண்டிங்கா, 250 கிராம் டூரிங் பைண்டிங்கா? மதுரைல இருந்து குல்மார்க் போறேன், சொல்லுங்க

திருநகர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா இங்க படிக்க மட்டும் செஞ்சேன், இப்பத்தான் கேக்குற நேரம் வந்துருக்கு. போன பிப்ரவரில காஷ்மீர் குல்மார்க்ல பேசிக் ஸ்கி கோர்ஸ் முடிச்சேன். வர்ற மார்ச்ல திரும்பப் போறேன், இந்தத் தடவ கோண்டோலா கேபிள் கார்ல ஏறாம, பின்னால வழுக்காமப் பிடிக்கிற ஸ்கின் பட்டைய ஸ்கிக்கு அடில ஒட்டி கால்லயே ஏறி எறங்கணும்னு ஆசை. இன்னும் ரெண்டு சீசன் கழிச்சு ஸ்கிலயே மலை ஏறி எறங்குற ஸ்கி மவுண்டனியரிங் ரேஸ் ஒண்ணுல நம்பர் கட்டி நிக்கணும், அதுக்குத்தான் வாரத்துல மூணு நாள் காலைல நம்ம ஒத்தக்கடை ஆனைமலை ஏறிக்கிட்டு இருக்கேன்.

கையில இருக்குறது: பழைய டூரிங் ஸ்கி ஒரு ஜோடி, 170 செ.மீ, நடு அகலம் 88 மில்லி, ஒரு ஸ்கி 1250 கிராம். பூட்டும் (ஸ்கி ஷூ) செகண்ட் ஹேண்ட் தான், சோல் நீளம் 297 மில்லின்னு குதிகால் பக்கம் அச்சடிச்சுருக்கு. பூட்ட ஸ்கியோட கவ்விப் பிடிக்கிற பைண்டிங் மட்டும் இல்ல. எனக்கு 33 வயசு, 68 கிலோ, 172 செ.மீ. நூறு கிராம் சொச்சத்துல ரேஸ் பைண்டிங் பாத்தேன், கண்ணு அதுலயே நிக்குது. ஆனா ஒருத்தர் 250 கிராம் பக்கம் வாங்குங்கறாரு, இன்னொருத்தர் மலை ஏறவும் லிஃப்ட் ஸ்கிக்கும் ஆகுற ஷிஃப்ட் மாடல் மாதிரி வாங்குனா எல்லாத்துக்கும் ஆகும்ங்கறாரு, அது ஒண்ணே கிட்டத்தட்ட 900 கிராம் வருது. மதுரைல கடைல போயி தொட்டுப் பாத்து வாங்குற சாமான் இல்ல இது, ஒருதடவ வரவழைச்சா அதோட தான் இருக்கணும். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

இன்ஸ்ப்ரூக்_மதுரைக்காரன்:
தம்பி வணக்கம். நான் செல்லூர்ல பொறந்து வளந்தவன், வேலைக்காக இங்க வந்து பதினோரு வருசம் ஆச்சு, குளிர்காலம் பூரா வாரக்கடைசில இதே சோலி தான். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நீங்க சொன்ன ரேஸ், டூரிங் ரெண்டுமே ஒரே குடும்பம். பூட்டு முனைல ரெண்டு பக்கமும் இரும்புக் குழி இருக்கும், முன்னாடி பீஸ்ல இருக்குற ரெண்டு பின்னு அதைக் கவ்விக்கும். பின்னாடி பீஸ்ல இருந்து ரெண்டு கம்பி நீட்டிக்கிட்டு குதிகால்ல இருக்குற தகட்டுக்குள்ள நுழையும். ஏறும்போது பின்னாடி கம்பியத் திருப்பி விட்டுட்டா குதிகால் சும்மா தூக்கி எறங்கும், பைண்டிங் ஸ்கி மேலயே இருந்துக்கும், கால் மட்டும் தான் அசையும். இந்த ஏற்பாட்ட 1980கள்ல கண்டுபிடிச்சது ஃபிரிட்ஸ் பார்தெல்னு இங்க ஆஸ்திரியாக்காரர், அப்புறம் டைனாஃபிட் கம்பெனி அதை எடுத்து விக்க ஆரம்பிச்சுது. பேட்டன்ட் முடிஞ்ச பெறகு ஏடிகே, ப்ளம்னு ஆளாளுக்கு செய்ய வந்தாங்க. அதுக்கு முன்ன இருந்த ஃபிரேம் பைண்டிங்ல ஒவ்வொரு எட்டுக்கும் குதிகாலோட சேத்து மொத்த இரும்பையும் தூக்கணும்.

இப்ப எடை குறையுறது எதுலனு பாருங்க. ரேஸ் பைண்டிங்ல, கழண்ட ஸ்கி ஓடாம நிறுத்துற பிரேக் கெடையாது. ஏறும்போது குதிகாலுக்கு அடில தூக்கிக் குடுக்க ஒரு மூடி மட்டும் தான், ஒரே ஒசரம். பின் பீஸ முன்ன பின்ன நகத்துற தகடு கெடையாது, ஒரு பூட்டுக்கு அடிச்சா அந்தப் பூட்டுக்கு மட்டும் தான். முக்கியமா ரிலீஸ் திருகு, அதாவது விழும்போது எவ்வளவு வெசைல பூட்ட விடணும்னு நம்ம வைக்கிற திருகு, கெடையாது. மேல்பக்க ரிலீஸ் யு மாதிரி வளைச்ச கம்பியோட வெறப்ப வச்சு, பக்கவாட்டு ரிலீஸ் உள்ள இருக்குற ஸ்பிரிங்க வச்சு, ரெண்டும் கம்பெனி வச்சது தான், ரிலீஸ் நம்பர் பெரும்பாலும் 8 பக்கத்துல வரும், நம்பர் கூடக் கூட விடுறது கஷ்டம். உங்க எடை, ஒசரம், சோல் நீளம் வச்சு ரிலீஸ் சார்ட்டப் பாத்தா நிதானமா ஓட்டுறவருக்கு 5.5, கொஞ்சம் தைரியமா ஓட்டுனா 6.5. அப்ப 8ல நெலையா வச்ச பைண்டிங் நீங்க விழும்போது விடவேண்டிய நேரத்துல விடாது.

உங்களுக்கு நான் சொல்றது: ரிலீஸ் மாத்திக்கிற மாதிரி இருக்குற, 150ல இருந்து 300 கிராமுக்குள்ள இருக்குற ஒண்ணு. டைனாஃபிட் சூப்பர்லைட் வரிசை, ஏடிகேல ஹாட் ரூட் வரிசை, மார்க்கர் ஆல்பினிஸ்ட், சாலமன் எம்டிஎன் எல்லாம் இந்தக் கூட்டம் தான்.

உசிலம்பட்டி_பட்டாளத்தான்:
அண்ணன் சொன்னதுல பாதி ஒத்துக்குறேன், பாதி ஒத்துக்கமாட்டேன். நான் பட்டாளத்துல இருந்தப்ப ஆறு குளிர்காலம் பனில கழிச்சேன். அசையுற பாகம் எம்புட்டு இருக்கோ அம்புட்டு எடத்துல ஐஸ் பிடிக்கும். பிரேக் கம்பி, திருப்புற மூடி, நகத்துற தகடு எல்லாம் காலைல மைனஸ் இருவதுல கல்லு மாதிரி ஆயிரும். ரேஸ் பைண்டிங்ல கெட்டுப்போக ஒண்ணும் இல்ல, ஒரு கம்பி ரெண்டு பின்னு, அவ்வளவு தான்.

தம்பி ரேஸ் ஓடணும்ங்கறாரு, அப்ப ஆரம்பத்துலயே ரேஸ் சாமான்ல பழகுறது தான் நல்லது. ஸ்பிரின்ட்ங்கற குட்டி ரேஸ்ல மொத்தமே 70 மீட்டர் ஒசரம், மூணு நிமிசம் சொச்சத்துல முடிஞ்சுரும். அதுல ஸ்கின் போட்டு ஏறி, ஸ்கிய முதுகுல மாட்டிக்கிட்டு ஓடி, திரும்ப மாட்டி, ஸ்கின் உருவி எறங்கணும். அங்க பூட்ட மாட்டுறதுல ஒரு விநாடி தடுமாறுனா போச்சு. 2026 மிலானோ கோர்டினா ஒலிம்பிக்ல மொதத்தடவையா சேத்ததே அந்த ஸ்பிரின்ட்டும் கலப்பு ரிலேயும் தான். கைக்கும் காலுக்கும் பழக்கம் வரணும்னா அதே பைண்டிங்ல ஆயிரம் தடவ மாட்டிக் கழட்டணும்.

ஒத்தக்கடை_மலர்:
பட்டாளத்தான் அண்ணே, மரியாதையோட மறுத்து எழுதுறேன், ஏன்னா இதுக்கு நான் விலை குடுத்துருக்கேன்.

மூணு வருசத்துக்கு முன்னாடி மலைல ஒரு வாடகைக் கடைல செட் எடுத்தேன். பேரு வேணாம். குடுத்தது ரேஸ் பைண்டிங், நான் 54 கிலோ. ரிலீஸ் எத்தனனு கேட்டேன், எல்லாருக்கும் இதுதான் ஓட்டுறாங்கன்னு சொன்னாங்க. ரெண்டு நாள் நல்லாத்தான் போச்சு. மூணாம் நாள் சாயங்காலம் மேல கெட்டித் தட்டு, அடில மாவு மாதிரி பனி. எடது ஸ்கியோட முனை அந்தத் தட்டுக்குள்ள சொருகிக்கிச்சு, ஒடம்பு முன்னாடி போகுது, ஸ்கி நின்ன எடத்துலயே நிக்குது, நடுவுல முட்டி மட்டும் உள்பக்கமாத் திரும்புது. கரும்பு ஒடைக்கிற மாதிரி ஒரு சத்தம். விழுந்த பெறகும் ஸ்கி கால்லயே தான் இருந்துச்சு. முன்னாடி லிவர் மேல தூக்கியே நின்னுச்சு, அதாவது ஏறும்போது பூட்டுனத எறங்குறதுக்கு முன்ன நான் கீழ தட்டல. அத நானே குனிஞ்சு கையால அமுக்கித்தான் காலை எடுத்தேன். ஏசிஎல்ங்கற முட்டி ஜவ்வு கிழிஞ்சுருச்சு, ஆபரேசன், ஒம்போது மாசம் ஆனைமலைய சன்னல் வழியாத்தான் பாத்தேன்.

அதுல என் தப்பும் இருக்கு, லிவர் என் பொறுப்பு. ஆனா லிவர் கீழ இருந்துருந்தாலும் அந்த வெறப்பு என் எடைக்கு விட்டுருக்காதுன்னு அப்புறம் சார்ட்டப் பாத்து தெரிஞ்சுக்கிட்டேன். இப்ப என்கிட்ட இருக்குறது மேல ஒரு திருகு, பக்கவாட்டுக்கு ஒரு திருகு உள்ளது. ரெண்டும் 4.5ல வச்சுருக்கேன். எடை 100 கிராம் கூட. ஏறும்போது ஒருநாளும் அந்த நூறு கிராம் என் கால்ல தெரிஞ்சதில்ல.

திருநகர்வாசி:
அக்கா படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. லிவர் சமாச்சாரம் எனக்கு கோர்ஸ்ல சொல்லித்தரல, அங்க லிஃப்ட்ல ஏறுற ஆல்பைன் பைண்டிங் தான் குடுத்தாங்க. ஏறும்போது ஏன் பூட்டணும், எறங்கும்போது ஏன் தொறக்கணும், யாராச்சும் விளக்குங்க.

புதூர்_லேத்:
இத நான் சொல்றேன் தம்பி. எனக்கு ஸ்கி ஓட்டத் தெரியாது, பனியே பாத்ததில்ல. கே.புதூர் சிட்கோல லேத் பட்டறை வச்சுருக்கேன். மலர் பாப்பா அந்தப் பைண்டிங்க மாட்டித்தரச் சொல்லி என்கிட்ட கொண்டாந்துச்சு, ரெண்டு நாள் மேசைல வச்சு கழட்டி மாட்டிப் பாத்தேன்.

முன்னாடி பீஸ் வேற ஒண்ணுமில்ல, சைக்கிள் சைடு ஸ்டாண்டுல இருக்குற ஸ்பிரிங் தத்துவம் தான். ஸ்டாண்டு நடுவாந்தரத்துல நிக்காதுல்ல, ஒண்ணு மேல போகும் இல்ல கீழ வரும். அதே மாதிரி ரெண்டு றெக்கை, அடில ஸ்பிரிங். நடு தாண்டுனா டபக்குனு மூடிக்கும், திரும்ப நடு தாண்டுனா டபக்குனு தொறந்துக்கும். எறங்கும்போது ஆள் முறுக்கி விழுந்தா மொதல்ல குதிகால் பீஸ் பக்கவாட்டுல திரும்பி பூட்ட விடும், அப்ப வர்ற முறுக்கத்துல முன் றெக்கையும் நடு தாண்டி தொறந்துக்கும். ஏறும்போது குதிகால் சும்மா கெடக்குறதால எல்லா முறுக்கமும் முன்னாடி மட்டும் வரும், சரிவுல குறுக்க மிதிச்சா றெக்கை தொறந்துக்கும். அதுக்குத்தான் லிவர மேல இழுத்து றெக்கைக்கு அடில ஆப்பு மாதிரி பூட்டுறது. பூட்டுனா லேசுல தொறக்காது. பாப்பாவுக்கு நடந்தது அது தான்.

இன்ஸ்ப்ரூக்_மதுரைக்காரன்:
அண்ணே, நான் பதினோரு வருசமா மிதிக்கிறத நீங்க ரெண்டு நாள்ல பிரிச்சு மேஞ்சுட்டீங்க. அருமை.

ஒண்ணு சேத்துக்கறேன். சாதா ஆல்பைன் பைண்டிங்ல பக்கவாட்டு ரிலீஸ் முன்னாடி இருக்கும், பின்னு பைண்டிங்ல பின்னாடி இருக்கும். முன்னாடியே பக்கவாட்டுல விடுற பின்னு பைண்டிங்கும் இருக்கு, ஃபிரிட்ஷி கம்பெனியோட விபெக், டெக்டன் அந்த வகை, எடை கூட. அப்புறம் பனிச்சரிவு ஆபத்து உள்ள எடத்துல லிவர் பூட்டியிருந்தா ஸ்கி ரெண்டும் நங்கூரம் மாதிரி உள்ள இழுக்கும், ஸ்கியக் காலோட கட்டுற லீஷ் கயிறு போட்டிருந்தாலும் அதே கதி. குல்மார்க்ல அஃபர்வாத் மலைப் பக்கம் பனிச்சரிவு வராத சீசனே இல்ல, அதனால இத சாதாரணமா எடுத்துக்காதீங்க.

இப்ப எடைக்கு வருவோம், தம்பி மனசு அதுலதான் நிக்குது. கணக்கு போட்டுப் பாருங்க. ரெண்டு கால்லயும் சேத்து 300 கிராம் மிச்சம்னு வைங்க. அத 1000 மீட்டர் ஒசரம் தூக்க 2940 ஜூல், ஒரு கிலோ கலோரி கூட வராது. நம்ம ஒடம்பு தின்னதுல கால்வாசியத்தான் வேலையா மாத்தும்னு வச்சாலும் மூணு கிலோ கலோரி. ஒரு துண்டு கடலை மிட்டாய்ல இதவிடப் பலமடங்கு இருக்கு. ஆனா கணக்கு அதோட முடியல, கால் ஒவ்வொரு எட்டுக்கும் நின்னு நின்னு கெளம்புது. 1000 மீட்டர் ஏற வளைஞ்சு வளைஞ்சு அஞ்சு கிலோமீட்டர் நடந்தா ஏழாயிரம் எட்டு வரும். அந்தத் தள்ளுல தான் கால் எடை கடிக்கும், முதுகு எடை அந்த அளவு கடிக்காது. அதனால எடை முக்கியமில்லனு சொல்லமாட்டேன். 900 கிராம்ல இருந்து 250க்கு எறங்குனா மதியத்துக்கு மேல தொடை சொல்லும். 250ல இருந்து 110க்கு எறங்குறது மொத நாள் வேணா தெரியும், அதுக்கப்புறம் நம்ம மூச்சு தான் நம்மள நிறுத்தும். அதுவும் நாலாயிரம் மீட்டர் பக்கத்துல.

இன்னொன்னு, ரேஸ் செட் மொத்தமா பாக்கவேண்டியது. சர்வதேச ரூல்ல ஆம்பளைங்களுக்கு ஸ்கி குறைஞ்சது 160 செ.மீ, பொம்பளைங்களுக்கு 150. ஸ்கியும் பைண்டிங்கும் சேத்து ஒத்த ஸ்கி 750 கிராம், பொம்பளைங்களுக்கு 700, அதுக்குக் கீழ போகக்கூடாது. அந்த மெல்லிசு ஸ்கில 100 கிராம் பைண்டிங் பொருந்தும். உங்க 88 மில்லி ஸ்கி மட்டுமே 1250 கிராம். அதுல ரேஸ் பைண்டிங் போட்டா அது ரேஸ் செட் ஆகாது, எறங்கும்போது அகலமான ஸ்கி அந்தச் சின்ன பைண்டிங்கயும் திருகையும் நெம்பிக்கிட்டே இருக்கும்.

உசிலம்பட்டி_பட்டாளத்தான்:
மலர் சொன்னதுக்கு எதுத்துப் பேச என்கிட்ட ஒண்ணும் இல்ல. நாங்க பழகுன காலத்துல ரிலீஸ் நம்பர யாரும் பாக்கல, விழுந்தவன் விழுந்தான், கூட இருந்தவன் தூக்குனான். அது சரின்னு இப்ப நான் சொல்லமாட்டேன். ரேஸ் செட்ட ரேஸ் ஸ்கி வாங்கும்போது வாங்கிக்கங்க தம்பி, அது தனி ஜோடி.

ஆனா ஐஸ் விசயத்துல நான் சொன்னது சொன்னது தான். முன் றெக்கைக்கு அடில பனி மிதிபட்டு கெட்டியாயிரும், அப்ப றெக்கை மூடுன மாதிரி தெரியும், ஆனா முழுசா மூடியிருக்காது. ரெண்டாவது வளைவுல பூட்டு தன்னால கழண்டுரும். ஒவ்வொரு தடவயும் மாட்டுறதுக்கு முன்ன ஸ்கி கம்பு முனையால அடில சொரண்டுங்க, பூட்டுக் குழியில இருக்குற ஐஸையும் எடுங்க. மாட்டுன உடனே குதிகால பூட்டாம, காலை ஏழெட்டுத் தடவ முன்னயும் பின்னயும் ஆட்டுங்க, பின்னு குழிக்குள்ள நல்லா ஒக்காரும். இது எந்த விலை பைண்டிங்கா இருந்தாலும் செய்யணும்.

திருநகர்வாசி:
சரிண்ணே, மனசு மாறிருச்சு. பக்கவாட்டு, மேல்பக்கம் ரெண்டும் திருகு உள்ளது, 250 கிராம் பக்கம், பின் பீஸ் நகத்துற தகடு உள்ளது, இப்படித் தேடுறேன். பிரேக் வேணுமா லீஷ் போதுமா?

ஒத்தக்கடை_மலர்:
பிரேக் வாங்குங்க தம்பி. குல்மார்க் மாவுப்பனில ஸ்கி கழண்டா தேடவே ஒரு மணி நேரம் ஆகும், ஆனா கெட்டிச் சரிவுல கழண்டா அது கீழ இருக்குற ஆள் மேல போய் குத்தும். பிரேக்கோட அகலம் உங்க 88க்கு தக்கன பாத்து வாங்குங்க, 90 சொச்சம் சரியா இருக்கும். லீஷ் வேணும்னா இழுத்தா அறுந்துர்ற வகையா பாருங்க.

அப்புறம் ஐஸ்ல பல்லு மாதிரி குத்திப் பிடிக்கிற ஸ்கி கிராம்பான் மாட்டுற பள்ளம் இருக்கானு கேளுங்க. மார்ச்ல காலைல சரிவு கண்ணாடி மாதிரி இருக்கும், ஸ்கின் பிடிக்காது. ரேஸ் மாடல்ல பலதுக்கு அந்தப் பள்ளம் தனியா வாங்கணும்.

இன்ஸ்ப்ரூக்_மதுரைக்காரன்:
பூட்டோட முனையையும் பாருங்க. முன்னாடி உதடு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கா, இல்ல மழுங்கலா இருக்கா? மழுங்கலா இருந்தா ஷிஃப்ட் வகைல ஒக்காரவே ஒக்காராது, பூட்டுக்கு அடில மாட்டுற, முன் கம்பி போடுற கிராம்பானும் பொருந்தாது. பின்னு பைண்டிங்குக்கு ரெண்டும் சரி. செகண்ட் ஹேண்ட் பூட்டுன்னீங்க, அந்தக் குழியோட ஓரத்த விரல் நகத்தால தடவிப் பாருங்க, முட்டை வடிவமா தேஞ்சுருந்தா அந்தப் பூட்ட மாத்திருங்க.

திருநகர்வாசி:
இப்பத்தான் பாத்தேன். உதடு இருக்கு, குழி வட்டமாத்தான் இருக்கு, இடது பூட்டுல லேசா துரு, தேய்மானம் இல்ல.

புதூர் அண்ணே, பைண்டிங் வந்தா மாட்டித்தருவீங்களா? கடைல குடுக்க இங்க கடை இல்ல.

புதூர்_லேத்:
கொண்டாங்க. ஆனா எப்படி செய்வேன்னு மொதல்ல சொல்லிர்றேன், பிடிச்சா வாங்க.

டெம்ப்ளேட் பேப்பர் கம்பெனி குடுக்கும், அத நீங்க ஜெராக்ஸ் கடைல பிரின்ட் எடுத்தா அவங்க மிசினு பேப்பருக்குள்ள அடக்க நாலஞ்சு சதவீதம் சுருக்கிரும். மலர் பாப்பா கொண்டாந்ததுல 100 மில்லி கோடு 96 இருந்துச்சு, வச்சு அளந்ததால தப்பிச்சேன். அதுல ஓட்டை போட்டுருந்தா ஸ்கி வீண்.

ஓட்டை 3.6 மில்லி, ஸ்கிக்குள்ள மெட்டல் தகடு இருந்தா 4.1, அது ஸ்கி மேலயே எழுதியிருப்பான். ஆழம் 9 மில்லி. டிரில் பிட்டுல டேப்பு சுத்துறதெல்லாம் நம்பமாட்டேன், டேப்பு நகரும். பித்தளைல ஒரு காலர் கடைஞ்சு வச்சுருக்கேன், அதுக்கு மேல பிட்டு போகவே போகாது. ஓட்டை வாய லேசா சரிவு எடுக்கணும், இல்லாட்டி திருகு ஏறும்போது மேல் தாளு புடைச்சுக்கும். அப்புறம் திருகு. பாக்க ப்ளஸ் மாதிரி இருக்கும், ப்ளஸ் இல்ல. நாலு மூலைக்கு நடுவுல பொடிக் கோடு நாலு இருக்கும், போசிட்ரைவ்னு பேரு, மூணாம் நம்பர் வேணும். வீட்டு ஸ்டார் டிரைவர போட்டா தலை வழுக்கிரும். கையால தான் முடுக்குவேன், மிசினு போடமாட்டேன். உள்ள மெதுவா காயிற அரால்டைட், நம்ம மதுரை வெயிலுக்கு ஒரு நாள்ல கல்லாயிரும். பின்னால கழட்டணும்னா திருகு தலைல சால்டரிங் அயர்ன் வச்சு சூடு காட்டுனா விட்டுக்கும்.

குதிகாலுக்கும் பின் பீஸுக்கும் நடுவுல இடைவெளி விடணும், சிலதுக்கு 4 மில்லி, சிலதுக்கு 5.5, அந்த மாடல் புத்தகத்துல இருக்கும். ஸ்கி வளையும்போது பூட்டு பின்னால தள்ளும், இடைவெளி இல்லாட்டி ரிலீஸ் நம்பரெல்லாம் பொய். அதனால புத்தகம் இல்லாம வராதீங்க.

உசிலம்பட்டி_பட்டாளத்தான்:
மாட்டுன பெறகு ரெண்டு வாரம் மாடில பழைய மெத்தைய விரிச்சு, அது மேல ஸ்கிய வச்சு மாட்டிக் கழட்டுங்க தம்பி. கையுறை போட்டுக்கிட்டு. கீழ பாக்காம. இருட்டுலயும் ஒருதடவ. லிவர் மேல, லிவர் கீழன்னு வாய்விட்டு சொல்லிக்கிட்டே செய்யுங்க, பட்டாளத்துல நாங்க எல்லாத்தையும் அப்படித்தான் பழகுனோம்.

ஒத்தக்கடை_மலர்:
ஸ்கின்ன மட்டும் மாடில வைக்காதீங்க. சித்திரை வெயில்ல என் ஸ்கின்னோட பசை உருகி துணிப்பைல அப்பிக்கிச்சு. ரெண்டு பக்கமும் வலைத்தாள் வச்சு மடிச்சு, வீட்லயே குளுகுளுனு இருக்குற அலமாரில வைங்க.

ஞாயித்துக்கிழமை காலைல ஆனைமலை ஏறுறேன், அஞ்சரைக்கு அடிவாரத்துல நரசிங்கம் கோயில் பக்கம் நிப்பேன். வந்தீங்கன்னா என் பைண்டிங்க கொண்டாந்து காட்டுறேன், கையில பிடிச்சு திருகிப் பாத்துட்டு அப்புறம் ஆர்டர் போடுங்க.

திருநகர்வாசி:
வர்றேன்க்கா. பூட்டையும் எடுத்துட்டு வர்றேன், உங்க பைண்டிங்ல ஒக்காருதானு பாத்துரலாம்.

புதூர்_லேத்:
முடிச்சுட்டு ரெண்டு பேரும் அப்படியே பட்டறைக்கு வாங்க, ஞாயித்துக்கிழமை மிசினு ஓடாது, நிதானமா அளந்துக்கலாம். ஸ்கியவும் கொண்டாங்க தம்பி, மெட்டல் இருக்கானு பாக்கணும்.